ஆட்டத்துக்கு முன் ஒரு குரல்

உட்காருங்கள். அந்த மூங்கில் நாற்காலி வேண்டாம், ஒரு பக்கம் சாயும். இப்படி மின்விசிறிக்குக் கீழே வாருங்கள். காபியில் சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன், போதாதென்றால் சொல்லுங்கள். நாலரை மணிக்கு எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. அதுவரை நிதானமாகப் பேசலாம்.

போனில் நீங்கள் கேட்டதை யோசித்துக்கொண்டேதான் இருந்தேன். 'பெண்ணை வெளிநாட்டுக்கு விளையாட அனுப்பலாமா மேடம்?' என்றீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு, மாநில அணி, வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து அழைப்பு. சரிதானே? ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்கச் சொன்னார்கள் என்றீர்கள். இயல்புதான். எனக்குத் தெரிந்து கரூரிலிருந்து போய், ஐரோப்பாவில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடுகிற பெண் என் மகள் ஒருத்திதான்.

ஆனால் எடுத்த எடுப்பில் விடை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பெண்கள் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். செய்முறையை எழுது, கண்டதை எழுது, அதன் பிறகு முடிவை எழுது என்றுதான் மாணவிகளுக்குச் சொல்வேன். நான் பேசுவதே பாடப்புத்தகம் போல இருக்கிறதென்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உங்களுக்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

வாணி ஏழாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கியது. கோகிலவாணி என்பது முழுப்பெயர். பள்ளியின் பி.டி. மிஸ் வீடு தேடி வந்தார். "மேடம், உங்க பொண்ணு கைய ஒரு தடவ பாருங்க. பந்து அதுல ஒட்டிக்குது" என்றார். காலாண்டுத் தேர்வு முடியட்டும், யோசிக்கலாம் என்றேன். அவளுடைய அப்பாதான் குறுக்கே வந்தார். "ஆடட்டும் விடு. கை அவளுதுதான?"

என் கணவர் நல்லசிவம் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறையில் சூப்பர்வைசர். டிப்ளமா படித்தவர். நான் திருமணத்துக்குப் பிறகு எம்.எஸ்ஸி. படித்ததும், பிஎச்.டி. முடித்ததும் அவர் வற்புறுத்தியதால்தான். நல்ல மனிதர். குரல்தான் கொஞ்சம் அதிகம். நாள் முழுவதும் தகரத்தில் ரிவிட் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே நின்று கத்துகிறவர் வீட்டுக்கு வந்தும் அதே அளவில்தான் பேசுவார். 'உப்பு எடு' என்றால் பக்கத்து வீட்டில் எடுத்து வைப்பார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்த பஸ்ஸை முதன்முதலாக வெளியே எடுக்கும்போது பூசணிக்காய் உடைப்பார்கள், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பிறகு இவர் போய் பாடியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்!" என்று கத்த வேண்டும். அவர் கத்தாமல் டிரைவர் கியரைத் தொட மாட்டார்.

வாணியின் முதல் மாவட்டப் போட்டிக்குப் பட்டறையிலிருந்து நேராக, கிரீஸ் கறை படிந்த காக்கிச் சட்டையோடு போயிருக்கிறார். அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்திருக்கிறது. ஃப்ரீ த்ரோ என்றால் உங்களுக்குத் தெரியும். யாரும் தடுக்க மாட்டார்கள், கோட்டில் நின்று தனியாக வளையத்தைப் பார்த்து எறிய வேண்டும். முதல் பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. பெண் இரண்டாவது பந்தை எறியாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இவர் கம்பி வேலிக்கு வெளியே இருந்துகொண்டு அந்த வேலியையே இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்று கத்திவிட்டார். மைதானம் முழுவதும் சிரிப்பு. அவளும் சிரித்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே எறிந்தாள். பந்து உள்ளே விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் கத்தாமல் அவள் ஃப்ரீ த்ரோ எறிவதில்லை. எந்த ஊர்ப் போட்டியானாலும் சரி. ஒரு முறை இவர் டீ குடிக்கப் போய்விட்டாராம். நடுவர் கூட்டத்தைப் பார்த்து, "ஏனுங்க, பஸ்காரரு எங்கீங்க? புள்ள காத்துட்டு நிக்குதுங்க" என்றாராம். இதெல்லாம் அவர் சொல்லிக் கேட்டதுதான். நான் மைதானத்துக்குப் போனதில்லை. விடைத்தாள் திருத்தும் பணி இருக்கும், கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான நாக் கமிட்டி வேலை இருக்கும். ஆனால் நான் அவளை ஒருபோதும் தடுத்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் தடுத்ததில்லை.

அவளும் என்னிடம் மிகுந்த மரியாதையாக இருப்பாள். அப்பாவை நீ, வா, போ என்பாள், முதுகில் குத்துவாள், அவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்பாள். என்னை மட்டும் 'நீங்க' என்றுதான் சொல்வாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

சென்னையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி. அங்கிருந்து இந்திய முகாம். பிறகு ரயில்வேயில் வேலை வந்தது. நம் ஊரில் விளையாடுகிற பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும், சொல்லுங்கள்? டிக்கெட் பரிசோதகர் வேலை, குவார்ட்டர்ஸ், ஓய்வூதியம். கல்லூரியில் என் துறையில் எல்லோருக்கும் நான் இனிப்புக் கொடுத்துவிட்டேன். அந்த வாரமே அவள் வந்து, போலந்தில் ஒரு சின்ன ஊர் கிளப் தன் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். ஒரு சீசனுக்கு மட்டும்தான். அடுத்த வருடம் நிச்சயமில்லை.

நான் நியாயத்தைத்தான் சொன்னேன். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு, நிறமும் வெயிலில் போயிற்று, கையில் ஒரு நிரந்தர வேலையாவது இருக்கட்டும் என்றேன். அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "பஸ்ஸக் கட்டி முடிச்சப்புறம் பட்டறைக்குள்ளயே நிறுத்தி அழகு பாத்துட்டா இருக்கறோம்? ரோட்டுக்குத்தான விடறோம்."

நான் மூன்று நாள் அவர்கள் இருவரோடும் பேசவில்லை. பேசாமல் இருப்பதைத் தடுப்பது என்று சொல்ல முடியாதல்லவா?

போனாள். அங்கே இவர் எப்படிப் போய்க் கத்துவார்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள் அப்பனும் மகளும். ஆட்டம் இருக்கிற நாளில், நம் நேரத்துக்கு நாலரை மணிக்கு, டீயைக் குடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போவார். துணி துவைக்கிற கல்லை இரண்டு தட்டுத் தட்டி, போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ். "கண்ணு, குளுரு எப்படி? முட்டிக்குத் துணி சுத்திக்கிட்டியா? போலாம் ரைட்!" அவ்வளவுதான். கோட்டில் நிற்கும்போது மனதுக்குள் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு எறிவாளாம். அங்கிருந்து பதிலும் குரலாகவே வரும். "ரைட்டுப்பா!" அவர் அதை மூன்று நான்கு முறை போட்டுக் கேட்பார். அந்த நேரத்தில் நான் உள்ளே வந்து பின்கதவைச் சாத்திக்கொள்வேன். அவர் கத்துகிற கத்தில் தெருநாய்களெல்லாம் குரைக்கும்.

காபி ஆறிவிடும், குடியுங்கள்.

இரண்டாவது சீசனில் அவள் அணி அரையிறுதிக்கு வந்தது. மாசி மாதம். ஒரு நாள் மதியம் பட்டறையில், பாதி கட்டிய பஸ் ஒன்றுக்குள் ஏறி, அன்று காலைதான் பொருத்திய சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, பையன்கள் அந்தப் பக்கம் ரிவிட் அடிப்பதைக்கூட நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சத்தம் நின்றும் அவர் எழவில்லை. சத்தம் நின்றால் உடனே எழுந்து, 'ஏன்டா நிறுத்துனீங்க' என்று கேட்கிற மனிதர்.

ஆமாம். இருதயம்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, 'வாணிக்குச் சொல்லியாச்சா' என்பதுதான். மூன்று நாளில் அரையிறுதி, அதற்கடுத்த வாரம் இறுதி. நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். கணவரின் அக்கா பழனியம்மாள், எனக்கு நங்கையா முறை, தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்துவிட்டார்.

"என்ன அம்மிணி பேசற நீயி? பெத்த புள்ள மொகத்தப் பாக்காம எடுக்கறதா?"

"இரண்டு ஆட்டம் முடியட்டும் நங்கையா. இதற்காகத்தானே அவள் இவ்வளவு காலம் உழைத்தாள்."

"ஆட்டம் இன்னைக்கில்லீனா நாளைக்கு வரும். அப்பன் வருவானா?"

"பத்தாம் வகுப்பில் இப்படித்தானே செய்தோம். என் அம்மா தவறியபோது கணக்குப் பரீட்சை முடிகிறவரை அவளுக்குச் சொல்லவில்லையே. யார் என்ன குறை சொன்னார்கள்?"

"பரீச்ச வேற, அப்பன் வேற" என்றார் அவர்.

நம் வீடுகளில் இது புதிதா, நீங்களே சொல்லுங்கள். தேர்வு எழுதுகிற பிள்ளையிடம் சாவைச் சொல்வோமா? அன்றைக்கும் தேர்வு முடிந்து வந்த பிறகுதான் சொன்னேன். கணக்கில் தொண்ணூற்றெட்டு. கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் குளித்தாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அவ்வளவு பக்குவமான பெண்.

ஆகவே வேலைகளை ஒழுங்குபடுத்தினேன். பட்டறைப் பையன்கள் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கக் கிளம்பினார்கள், வேண்டாம் என்றேன். யாரும் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது என்று வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சாவு வீட்டில் நின்று இதைச் சொல்கிறாளே என்று சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவருடைய தம்பி மகன் கொள்ளி வைத்தான். மாலை அவள் அழைத்தபோது, அப்பா பஸ் டெலிவரி கொடுக்கக் கோயம்புத்தூர் போயிருக்கிறார், கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது, டாக்டர் பேசக் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்றேன். என் குரல் நடுங்கவில்லை. வகுப்பெடுத்துப் பழகிய குரல்.

ஆனால் ஆட்டத்தன்று நாலரை மணி வருமே? அதையும் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் போனில் பழைய மெசேஜ்கள் எல்லாம் இருந்தன. அப்படியே மறுபடி அனுப்பினால் மேலே 'ஃபார்வர்டட்' என்று அம்புக்குறி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும், சோதித்துப் பார்த்தேன். எனவே அவற்றை என் போனுக்கு மாற்றினேன். படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, என் போனில் அவர் குரலை ஓடவிட்டு, அவர் போனை அருகில் பிடித்துப் புதிதாகப் பதிவு செய்தேன். எந்த மெசேஜ் என்பதிலும் கவனம் வேண்டியிருந்தது. மழை, பொங்கல் என்று சொல்கிறவை ஆகாது. இருமல் இருப்பவை ஆகாது. எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுத்தேன். அந்த இரண்டு சீசனிலும் அவர் அவளுக்கு என்னதான் சொல்லி அனுப்பினார் என்று அப்போதுதான் முழுவதும் கேட்டேன். ஒன்றில், 'உங்கம்மாளும் உன்னய நெனச்சுட்டேதான் இருக்கறா, சொல்லத் தெரியாது அவளுக்கு' என்றிருந்தார். அதை அனுப்பவில்லை. தேவையில்லாத விஷயம்.

தொண்டை கட்டியவர் எப்படிக் கத்தினார் என்கிறீர்களா? அப்பாவுக்குக் குரல் திரும்பிவிட்டது என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

அரையிறுதியன்று அனுப்பினேன். அன்று அவளிடமிருந்து குரல் வரவில்லை. 'சரி' என்று எழுத்தில் ஒரு சொல் வந்தது. அங்கே கடுங்குளிர், அவளுக்கும் தொண்டை கட்டியிருக்கும். அணி வென்றது. பார்த்தீர்களா என்று நங்கையாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இறுதி ஆட்டத்தை நானே பார்த்தேன். கொழுந்தன் மகன் தன் லேப்டாப்பில் போட்டுக்கொடுத்தான். அவள் ஆடி நான் முழுதாகப் பார்த்த ஆட்டம் அது ஒன்றுதான். என்ன வேகம், என்ன வீச்சு! என் பெண்ணா இது என்று இருந்தது. ஓடும்போது அவள் அப்பாவைப் போலவே தோளை முன்னே தள்ளிக்கொண்டு ஓடுகிறாள். அது எனக்குத் தெரியவே தெரியாது.

முடிகிற நேரம். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது வளையத்தில் பட்டு வெளியே போய்விட்டது. இரண்டாவதற்குப் பந்தை வாங்கிக்கொண்டு கோட்டில் நின்றாள். நின்றாள், அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பந்தை மார்போடு வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்த்து, ஏதோ கேட்கிறதா என்று பார்க்கிற மாதிரி. நெட் போய்விட்டது, படம் உறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "ஏன்டா, நின்றுவிட்டதே" என்றேன். "நிக்கலீங்க பெரிம்மா, ஓடிட்டுத்தான் இருக்குது. பாருங்க, மத்தவங்கெல்லாம் அசையறாங்க" என்றான் அவன். உண்மைதான், பக்கத்தில் நின்ற பெண்கள் கால் மாற்றி நின்றார்கள். ஒருத்தி அவளைக் கூப்பிட்டாள். ஐந்து நொடிக்குள் எறிய வேண்டுமாமே, எனக்கு அந்த விதி தெரியாது. நடுவர் விசில் ஊதி, அவள் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். அவள் கொடுத்துவிட்டாள். ஒரு புள்ளியில் தோல்வி.

களைப்புதான் காரணமாக இருக்கும். அல்லது அந்த இடத்தில் படம் கொஞ்சம் சிக்கியிருக்கவும் கூடும். இணைய இணைப்பை நம்ப முடியாது.

மறுநாள் காலை அழைத்தேன். என்னென்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் அவள், "தெரியும்மா" என்றாள்.

"எப்படித் தெரியும்? நங்கையா சொன்னாரா?"

"யாரும் சொல்லல. அரையிறுதிக்கு முன்னாடியே தெரியும். அந்த மெசேஜுல அப்பா குரலுக்குப் பின்னாடி உங்க மூச்சு கேட்டுச்சு."

எனக்குச் சைனஸ் தொந்தரவு உண்டு. மூச்சு கொஞ்சம் சத்தமாகத்தான் வரும்.

"அப்பா எனக்குப் பேசறப்ப நீங்க ஒரு நாளும் பக்கத்துல நின்னதில்லயேம்மா" என்றாள். "நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நேத்துக் கோட்டுல நிக்கற வரைக்கும்."

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. வைத்துவிட்டாள்.

ஆக, அவளுக்கு முன்பே தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்தும் ஆடினாள் அல்லவா? தெரிந்தால் ஆட மாட்டாள் என்று பயந்தல்லவா நான் அத்தனையும் செய்தேன்? இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் எனக்குக் கணக்கு ஒத்துப்போவதில்லை. விட்டுவிடுகிறேன்.

காரியத்துக்கு அவள் வரவில்லை. வருட திதிக்கும் வரவில்லை. ஒப்பந்தத்தில் விடுப்பு கிடைத்திருக்காது. இப்போது ஹங்கேரியில் வேறு கிளப். இன்னும் பெரிய கிளப். ஞாயிற்றுக்கிழமைகளில் நங்கையாவிடம் பேசுகிறாள். "நல்லா இருக்கறா" என்பார் அவர். அதற்கு மேல் சொல்ல மாட்டார். போன மாதம் அப்பாவின் காக்கிச் சட்டை ஒன்றை அனுப்பச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கிறாள். அவரும் பட்டறை அலமாரியில் தொங்கியதை எடுத்து, துவைக்காமலே, அந்த கிரீஸ் வாடையோடு அப்படியே பார்சல் செய்துவிட்டார். தெரிந்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னிடம் கேட்டிருந்தால் நல்லதாக ஒன்றைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்க மாட்டேனா?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அனுப்புங்கள், தயங்காமல் அனுப்புங்கள். ஒன்றே ஒன்று: அவள் ஆடுகிற காலத்தில் வீட்டுக் கவலை எதுவும் அவளை எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தாயின் கையில்தான் இருக்கிறது.

ஏன், காபியை அப்படியே வைத்துவிட்டீர்கள்? வேறு போட்டுத் தரட்டுமா? வேண்டாமா?

மணி நாலரை ஆகப்போகிறது. ஒரு நிமிடம் பொறுங்கள். இன்று அவளுக்கு ஆட்டம் இருக்கிறது. கிளப்பின் இணையதளத்தில் பார்த்துவிட்டேன். இது அவருடைய போன். எண்ணை உயிரோடு வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் அனுப்பினால் ஒரே ஒரு டிக்தான் விழுகிறது, இரண்டாவது விழுவதில்லை. அரங்கமெல்லாம் கான்கிரீட், உள்ளே சிக்னல் கிடைக்காது போலிருக்கிறது. வெளியே வரும்போது போய்ச் சேர்ந்துவிடும். அவளுக்குத் தெரியும்தான், நான்தான் அனுப்புகிறேன் என்று. இருந்தாலும் குரல் குரல்தானே? அது இல்லாமல் அவள் எப்படி எறிவாள்?

இது என்னுடைய போன். இதில் ஓடவிட்டு, அதில் பதிவு செய்ய வேண்டும். இன்றைக்கு நல்லதாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு தட்டும் தெளிவாகக் கேட்கும்.

அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்களேன். சுவிட்ச் உங்களுக்குப் பின்னால்தான். நன்றி. நான் பொத்தானை அழுத்தியதும் அசையாமல் இருங்கள். மூச்சையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். நானும் அடக்கிக்கொள்கிறேன். இந்த முறை அவர் குரல் மட்டும்தான் போக வேண்டும்.